பீட்டர் சிங்கருடன் பாதி தூரம்

இன்று உயிரோடு இருக்கும் தத்துவவாதிகளில் என் சாப்பாட்டுத் தட்டை மாற்றியவர் பீட்டர் சிங்கர் ஒருவர்தான். அதே மனிதர் எழுதிய வேறு சில பக்கங்களைத் திறந்தால் எனக்கு உடம்பெல்லாம் கோபம் ஏறும். விலங்குகளின் வலியைப் பற்றி அவர் எழுதியதும், ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி அவர் எழுதியதும் ஒரே தர்க்கத்திலிருந்து வந்தவை என்பார்கள். ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று அவருடைய ஆதரவாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஒன்றை மறுக்கிறவர்கள் மற்றதையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் தவறு என்று நினைக்கிறேன். ஏன் என்பதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

சிங்கர் 1946-இல் மெல்போர்னில் பிறந்தவர். பெற்றோர் வியன்னா யூதர்கள். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்ட பிறகு ஆஸ்திரேலியாவுக்குத் தப்பி வந்தவர்கள். தாத்தா பாட்டி நால்வரில் மூவர் நாஜிகளின் கொடுமையில் இறந்துபோனார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா டேவிட் ஓப்பன்ஹைம், கிரேக்கமும் லத்தீனும் கற்றுக்கொடுத்த ஆசிரியர். ஃபிராய்டோடு சேர்ந்து வேலை செய்தவர். தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம், சிங்கரை நாஜி என்று திட்டியவர்கள் ஏராளம். அந்த வசையில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

1970-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ரிச்சர்ட் கெஷன் என்ற கனடா நாட்டு மாணவரோடு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அன்றைக்கு ஸ்பகெட்டி. அதன் குழம்பில் இறைச்சி இருக்கிறதா என்று கெஷன் விசாரித்தார். இருக்கிறது என்றதும் சாலட் தட்டை எடுத்துக்கொண்டார். ஏன் என்று சிங்கர் கேட்டார். விலங்குகளை நாம் நடத்துகிற விதம் சரி என்று எனக்குத் தோன்றவில்லை என்பதுபோல ஒரு சாதாரணமான பதில் வந்தது. மதமும் இல்லை, உடம்பு நலமும் இல்லை, வெறும் நியாயம். அந்தப் பதிலுக்கு எதிர்வாதம் தேடித் தேடிக் கிடைக்காமல் சிங்கரும் அவர் மனைவியும் இறைச்சியை விட்டார்கள்.

அடுத்த வருடம் கிழக்கு வங்கத்தில் போர். 90 லட்சம் அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்த நேரம். பஞ்சத்தையும் வசதியான நாடுகளின் கடமையையும் பற்றி அப்போது அவர் எழுதிய கட்டுரை 1972-இல் வந்தது. குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கித் தூக்கினால் என் துணி சேறாகும், அவ்வளவுதான் இழப்பு. தூக்காமல் போகலாமா? போகக்கூடாது என்றால், ஆயிரம் மைல் தள்ளிப் பசியில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருமானத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவருபவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2021-இல் அவருக்கு பெர்க்ருயன் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தபோது அதையும் கொடுத்துவிட்டார். ஏழ்மை பற்றி அவர் எழுதியது தனியாகப் பேச வேண்டிய விஷயம், இங்கே விடுகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தூரம், நிறம், நாடு எதுவும் வலியின் எடையைக் குறைக்காது என்பதுதான் அந்தக் கட்டுரையின் அடித்தளம்.

1975-இல் வந்த ‘அனிமல் லிபரேஷன்’ அதே அடித்தளத்தில் இன்னொரு படி ஏறுகிறது. ஜெரமி பெந்தம் 1789-இலேயே கேட்டுவைத்த கேள்விதான் அதன் ஆதாரம்: அவற்றால் யோசிக்க முடியுமா, பேச முடியுமா என்று கேட்காதே, அவற்றுக்குத் துன்பம் தெரியுமா என்று கேள். நிறத்தை வைத்து ஒருவர் வலியைக் குறைத்து மதிப்பது நிறவெறி. பாலினத்தை வைத்து அப்படிச் செய்தால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. பிறந்த இனம் வேறு என்பதற்காக ஒரு உயிரின் வலியை ஒதுக்குவதற்கு ரிச்சர்ட் ரைடர் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1970-இல் ‘ஸ்பீஷிசிசம்’ என்று பெயர் வைத்தார். உயிரினப் பாகுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கர் அதை எடுத்துப் பிரபலமாக்கினார்.

எல்லா உயிரும் சமம், எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்து என்று அவர் சொல்லவில்லை. பன்றிக்கு ஓட்டுரிமை வேண்டாம், அதற்கு அதில் அக்கறை இல்லை. ஆனால் சூடு போட்டால் அதற்கு வலிக்கும், குட்டியைப் பிரித்தால் தவிக்கும், திரும்பக்கூட முடியாத கூண்டில் அடைத்தால் கிறுக்குப் பிடித்ததுபோல் கம்பியைக் கடிக்கும். அந்த வலி, அதே அளவு மனித வலிக்கு நிகராக நம் கணக்கில் வர வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. இதற்கு நான் இன்றுவரை ஒரு நல்ல மறுப்பைக் கேட்டதில்லை. ‘மனுஷனும் மிருகமும் ஒண்ணா?’ என்று கேட்பார்கள். ஒன்று இல்லைதான். வலி ஒன்று.

இது நமக்கு வெகு தூரத்து விஷயமும் இல்லை. நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிகள் அடுக்கு அடுக்காகக் கம்பிக் கூண்டில் நிற்கின்றன. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கையை முழுதாக விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட ஒதுங்க ஒரு மூலை கிடையாது. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகின் நுனியை வெட்டிவிடுவார்கள். முட்டை ரகத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு எதற்கும் உதவாது என்று பொரித்த அன்றே ஒழித்துவிடுவது உலகின் பெரும்பாலான இடங்களில் இந்தத் தொழிலின் வழக்கம். பல்லடம் பக்கம் வளரும் பிராய்லர் சுமார் ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. தன் எடையைத் தாங்கக் கால் பழகுவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். கோழிப்பண்ணைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் கடனில் ஓடிக்கொண்டிருப்பவர்கள். முட்டை எவ்வளவு மலிவாக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அந்த விலைக்கு ஏற்ற கூண்டுதான் அங்கே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சைவம் என்றதும் சாதி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் ‘நீங்க வெஜிடேரியனா?’ என்று கேட்பதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். சிங்கரின் வாதத்தை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அவர் வாதத்தில் தீட்டும் இல்லை, சுத்தமும் இல்லை. தலைமுறை தலைமுறையாக மாமிசம் தொடாத குடும்பத்தின் பால் தம்ளரையும் அது விடாது. பசு பால் கொடுக்க வருடாவருடம் கன்று போட வேண்டும், அந்தக் காளைக்கன்று எங்கே போகிறது என்று கேட்கும். மாட்டுக்கறி தின்றதற்காக ஒரு மனிதனை அடிக்கிறவனை அது ஒரு நொடிகூட ஆதரிக்காது, ஏனென்றால் அடிபடுகிறவனின் வலியும் அதே கணக்கில் இருக்கிறது. நான் இறைச்சியை விட்டது இந்த நியாயத்தால். என் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள், அவர்களைவிட நான் உயர்ந்தவன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்தச் சிந்தனை காகிதத்தோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் சிங்கர் நடத்திய வகுப்புக்கு வந்த ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர், அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளை அறுத்து நடந்த ஆராய்ச்சிக்கு எதிராக 1976-இல் மறியலில் இறங்கினார். அடுத்த வருடமே ஆராய்ச்சி நின்றது. 1980-இல் முயலின் கண்ணில் ஒப்பனைப் பொருளை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு எதிராக ரெவ்லான் நிறுவனத்தோடு மோதினார், மாற்றுச் சோதனை முறைகளுக்கு அந்த நிறுவனமே பணம் ஒதுக்க வேண்டிவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் பழைய வகைக் கம்பிக் கூண்டுகளைத் தடை செய்தது. ஒப்பனைப் பொருட்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. அதே 2014 மே மாதம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் உயிரினப் பாகுபாடு பற்றிய பகுதி உண்டு. அப்புறம் 2017 மெரினா, சட்டத் திருத்தம், 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது எல்லாம் நாம் பார்த்தவை. அந்த வாக்குவாதத்தின் நடுவே எனக்கு ஓயாமல் வந்த எண்ணம் ஒன்றுதான்: வருடத்தில் ஒரு நாள் வாடிவாசலைத் தாண்டும் காளைக்காக இவ்வளவு பேசும் இரண்டு தரப்பும் நாமக்கல் கூண்டைப் பற்றி ஏன் பேசவே மாட்டேன் என்கிறது? வலியின் மொத்த அளவை வைத்துப் பார்த்தால் எது பெரியது?

‘மொத்த அளவு’ என்று இப்போது எழுதினேன் அல்லவா, அங்கேதான் சிங்கரின் பலமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. விலங்குரிமையின் தந்தை என்று பலர் அவரைச் சொன்னாலும் அவர் உரிமைவாதி இல்லை. பயன்வாதி. எந்தச் செயலால் மொத்தத்தில் துன்பம் குறைந்து நலம் கூடுகிறதோ அதுவே சரி என்பது அவர் நிலை. விலங்குகளுக்கு மீறவே முடியாத உரிமை உண்டு என்று வாதிட்டவர் டாம் ரீகன், 1983-இல். தனக்கென ஒரு வாழ்க்கையை வாழும் எந்த உயிரையும் இன்னொருவரின் பயனுக்கான கருவியாக ஆக்கக்கூடாது என்றார் அவர். வித்தியாசம் 2006-இல் ஒரு பிபிசி ஆவணப்படத்தில் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கின்சன் நோய்க்காகக் குரங்குகளில் ஆராய்ச்சி செய்த ஆக்ஸ்ஃபோர்டு நரம்பியல் அறுவை மருத்துவர் டிப்பு அஸீஸ், சுமார் 100 குரங்குகளைப் பயன்படுத்தியதால் 40,000 நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது என்றார். அது உண்மையென்றால் அந்த ஆராய்ச்சியை நியாயப்படுத்தலாம் என்று சிங்கர் ஒப்புக்கொண்டார். விலங்கு ஆர்வலர்கள் பலர் அதிர்ந்தார்கள். அதிர்ச்சிக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே அவர் கணக்குப் போடுகிறவர்தான்.

சரி, இனி இரண்டாம் பாதிக்கு வருவோம்.

விலங்குகளுக்காக வாதாடும்போது சிங்கர் அடிக்கடி எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. பேச்சு, பகுத்தறிவு, எதிர்காலம் பற்றிய நினைப்பு என்று மனிதனின் பெருமையாக நீங்கள் எதைச் சொன்னாலும், அது இல்லாத மனிதர்களும் இருக்கிறார்கள். கைக்குழந்தை, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர், மறதி நோய் முற்றியவர். அந்த மனிதர்மேல் செய்யத் துணியாத சோதனையை, அவரைவிட அதிகம் புரிந்துகொள்ளும் சிம்பன்சியின்மேல் எப்படிச் செய்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். சிம்பன்சியை மேலே தூக்கலாம். அல்லது அந்த மனிதரைக் கீழே இறக்கலாம். தான் தூக்கத்தான் கேட்கிறேன் என்பார் சிங்கர். ஆனால் 1979-இல் வந்த ‘பிராக்டிகல் எதிக்ஸ்’ நூலிலும், 1985-இல் ஹெல்கா கூஸேவோடு சேர்ந்து எழுதிய நூலிலும் இறக்கவும் செய்தார்.

அவர் கட்டமைப்பு இது. தன்னைத் தானாக உணர்ந்து, நேற்று நாளை என்று காலத்தில் நீளும் வாழ்க்கை உடையவர்தான் ‘நபர்’. நபரைக் கொல்வது அவருடைய எதிர்கால ஆசைகளையெல்லாம் அழிப்பதால் பெரிய தவறு. பிறந்த குழந்தை எதுவாக இருந்தாலும் இன்னும் நபர் ஆகவில்லை. ஆகவே ஊனமுள்ள சிசுவைக் கொல்வது ஒரு நபரைக் கொல்வதற்கு ஒழுக்க ரீதியாகச் சமம் ஆகாது, பெரும்பாலும் அது தவறே இல்லை என்று எழுதினார். பிறந்து 28 நாட்களுக்குள் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்பது கூஸேவும் அவரும் வைத்த யோசனை.

அதற்குப் பின்னால் இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். 1982-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற ஊரில் டவுன் சிண்ட்ரோமோடு ஒரு குழந்தை பிறந்தது. உணவுக்குழாயில் அடைப்பு. அறுவை சிகிச்சை செய்தால் சரிப்படுத்தக்கூடியது. பெற்றோர் வேண்டாம் என்றார்கள். நீதிமன்றமும் தலையிடவில்லை. பால் இல்லாமல், சிகிச்சை இல்லாமல் ஆறு நாளில் குழந்தை இறந்தது. நாங்கள் கொல்லவில்லை, இயற்கையாக இறந்தது என்று எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். சாகவிடுவது சரி, சாகடிப்பது பாவம் என்ற இந்தப் போலித்தனத்தைத்தான் சிங்கர் உடைத்தார். ஆறு நாள் பட்டினியில் விடுவதைவிட ஒரு ஊசி இரக்கமானது என்றார். இதில் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்பதே என் பதில், ஆனால் அங்கே நடந்ததை அவர் மூடிமறைக்கவில்லை என்பதை மதிக்கிறேன்.

எனக்குப் பொறுக்காத இடம் அடுத்தது. ‘பிராக்டிகல் எதிக்ஸி’ல் இரத்தம் உறையாத நோயோடு பிறந்த குழந்தையை உதாரணம் காட்டுகிறார். அந்தக் குழந்தை இருந்தால் பெற்றோர் இன்னொன்று பெற்றுக்கொள்ளமாட்டார்கள், அது இறந்தால் பெற்றுக்கொள்வார்கள், அடுத்தது ஆரோக்கியமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்த மகிழ்ச்சியைக் கூட்டிப் பார்க்கும் பார்வைப்படி முதல் குழந்தையைக் கொல்வது சரியாகிவிடும் என்கிறார். ஒன்றுக்குப் பதில் ஒன்று. அந்தக் குழந்தைக்குத் தாங்க முடியாத வலி என்பதுகூட இங்கே காரணம் இல்லை. அதன் வாழ்க்கை வாழத் தகுந்ததுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிற உதாரணம் இது.

என் அண்ணன் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் பிறந்தபோது அந்த மருத்துவமனை மருத்துவர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, “சின்ன வயசுதானே சார் உங்களுக்கு, இதை மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்தது நல்லா பிறக்கும்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் சிங்கரைப் படித்திருக்கமாட்டார். ஆனால் அது அச்சு அசலாக அதே வாதம். அண்ணி அதைக் கேட்டுவிட்டார். இன்றும் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் மாறும்.

அவன் இப்போது வாலிபன். அண்ணனின் மளிகைக்கடையில் காலையில் பால் பாக்கெட் எடுத்துக் கொடுப்பது அவன்தான். மீதிச் சில்லறை கொடுப்பதில் தடுமாறுவான். ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட், யார் வீட்டில் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவனால் என்னென்ன முடியும் என்று பட்டியல் போட்டு, அவன் இருப்பதற்கு நான் ஏன் சான்று காட்ட வேண்டும்? பக்கத்து வீட்டுப் பையனுக்காக யாரும் இப்படிப் பட்டியல் போடுவதில்லையே. அவனைவிடக் குறைவாகச் செய்ய முடிந்த, பேச்சே வராத, படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தப் பட்டியல் அவர்களைக் கைவிட்டுவிடும்.

1989-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில் அறிவுத்திறன் குறைபாடு பற்றிய ஒரு மாநாட்டுக்குச் சிங்கரை அழைத்தார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியதும் அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். 1991-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பேச எழுந்தபோது கூச்சலிட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். ஒருவர் மேடையேறி அவர் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு உடைத்தார். கண்ணாடியை உடைத்ததை நான் ஏற்கவில்லை. நாஜிகளிடம் தாத்தா பாட்டியைப் பறிகொடுத்தவரைப் பார்த்து ‘நாஜி’ என்று கத்துவது கொடுமை. ஆனால் அந்த மண்ணின் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ‘வாழத் தகுதியற்ற உயிர்கள்’ என்ற பேச்சை 1920-இல் அங்கே ஆரம்பித்துவைத்தவர்கள் ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு மனநல மருத்துவரும். பிறகு டி4 என்ற திட்டத்தில் நாஜிகள் 1940-41-இல் மட்டும் சுமார் 70,000 ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் நச்சுவாயுவில் கொன்றார்கள். கொலைக்கூடங்களில் ஒன்றான ஹடமார், மார்புர்க் இருக்கும் அதே ஹெஸ்ஸன் மாநிலத்தில்தான் இருக்கிறது. நாஜிகள் அரசின் ஆணையாகச் செய்தார்கள், நான் பெற்றோரின் விருப்பத்தைப் பேசுகிறேன் என்பது சிங்கரின் பதில். வித்தியாசம் உண்மையானது. ஆனால் ஒரு உயிரின் தரத்தை வெளியிலிருந்து இன்னொருவர் மதிப்பிட்டு முடிவு சொல்வது இரண்டிலும் இருக்கிறது.

1999-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை உயிரறவியல் பேராசிரியராக நியமித்தபோது சக்கர நாற்காலிகளில் வந்தவர்கள் வாசலை மறித்தார்கள். நன்கொடையை நிறுத்துவேன் என்றார் அறங்காவலர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ். மறித்தவர்களைச் சேர்ந்த ‘நாட் டெட் யெட்’ என்ற ஊனமுற்றோர் உரிமை அமைப்பில் இருந்தவர்தான் ஹேரியட் மெக்பிரைட் ஜான்சன். சிங்கருக்குக் கிடைத்த எதிராளிகளில் என் கணிப்பில் மிகச் சிறந்தவர் அவர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர வழக்கறிஞர். பிறவியிலேயே தசை நோய், முதுகெலும்பு வளைந்தவர், மின்சார நாற்காலியில் இயங்கியவர். மத நம்பிக்கை இல்லாதவர். ஆகவே உயிர் கடவுள் தந்தது என்ற பதில் அவருக்குப் பயன்படாது. 2001-இல் சிங்கர் அந்த ஊருக்குப் பேச வந்தபோது எழுந்த வாக்குவாதம் கடிதங்களாகத் தொடர்ந்தது. 2002-இல் சிங்கரே அவரைப் பிரின்ஸ்டனுக்கு அழைத்தார். அடுத்த வருடம் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஹேரியட் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை நான் பலருக்கும் அனுப்பியிருக்கிறேன். என்னைக் கொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஒரு காலத்தில் நான் இருந்த அந்தக் குழந்தையைக் கொல்லும் வாய்ப்பை என் பெற்றோருக்குக் கொடுத்திருந்தால் நல்லது என்கிறார், அவ்வளவுதான் என்ற பொருளில்தான் அந்தக் கட்டுரை தொடங்குகிறது.

ஊனம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பது அவருடைய மைய வாதம். சார்ல்ஸ்டன் தெருக்களில் நாற்காலியை வேகமாக ஓட்டிப் போவதில் இருக்கும் சுகத்தை எழுதியிருக்கிறார். பார்ப்பவர்கள் துன்பத்தை மட்டுமே பார்க்கிறார்கள், வாழ்கிறவருக்கு வேறு கதை. 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கடுமையான ஊனம் உள்ளவர்களைக் கேட்டுப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாக, மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். சிங்கரின் கணக்கு முழுவதும் நலத்தை அளப்பதில் நிற்கிறது. அளக்கிற கை தவறினால் கணக்கே தவறு. விலங்குக்கு வலிக்கும் என்பதை அதன் உடம்பும் நடத்தையும் காட்டுகின்றன. டவுன் சிண்ட்ரோம் குழந்தை மகிழ்ச்சியாக வாழாது என்று எந்த உடம்பும் எந்த நடத்தையும் காட்டவில்லை. அது நம் அச்சம்.

பிரின்ஸ்டனில் இரவு விருந்தின்போது ஹேரியட்டின் கை நழுவி அவரால் சாப்பிட முடியாமல் போனது. பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்பது அவர் வழக்கம். அன்று பக்கத்தில் இருந்தவர் சிங்கர். மணிக்கட்டைப் பிடித்து ஒரு அங்குலம் முன்னால் இழுங்கள், தூக்க வேண்டாம் என்றார். சொன்னபடியே செய்தார் சிங்கர். எதிரியோடு இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதற்காக ஹேரியட்டின் தோழர்கள் சிலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். 2008-இல் ஹேரியட் 50 வயதில் இறந்தபோது அதே நியூயார்க் டைம்ஸ் இதழில் அஞ்சலி எழுதியவர் சிங்கர்.

ஹேரியட் சொன்ன இன்னொன்று என் மனதில் தைத்துக்கொண்டே இருக்கிறது. நான் மனிதப் பிறவி என்பதை ஏற்கவைக்கவே இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன், இந்த நிலையில் மனித இனத்தைத் தாண்டி யோசி என்று சிங்கர் கூப்பிடுவது எனக்கு எட்டாத ஆடம்பரம் என்றார். விலங்குகளுக்காகப் பேசுகிற நாங்கள் எல்லோரும் இதைக் காதில் வாங்க வேண்டும். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள மகளை வளர்த்த தத்துவப் பேராசிரியர் ஈவா கிட்டே, தன் பிள்ளையை நாயோடும் பன்றியோடும் ஒப்பிட்டு மேதைகள் எழுதுவதைப் படிப்பது ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று சிங்கர் கலந்துகொண்ட கருத்தரங்கிலேயே கேட்டார். கூண்டில் நிற்கும் பன்றிக்காக வாதாட, வாயில்லாத ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பன்றிக்கு வலிக்கிறது, அதுவே போதும்.

சிங்கரின் அம்மா கோராவுக்கு மறதி நோய் வந்தது. அவர் நூல்களின்படி அம்மா இனி நபர் இல்லை, அந்தச் செலவில் எத்தனையோ ஏழைக் குழந்தைகளைக் காப்பாற்றலாம். ஆனால் நல்ல கவனிப்புக்குப் பணம் செலவழித்தார். கேட்டபோது, நான் முன்பு நினைத்ததைவிட இது கடினமாக இருக்கலாம், நம் அம்மா என்று வரும்போது வேறாக இருக்கிறது என்றார். முடிவு தன் கையில் மட்டும் இருந்திருந்தால் அம்மா உயிரோடு இல்லாமல் போயிருக்கலாம், சகோதரிக்கும் பொறுப்பு உண்டு என்று பிறகு சொன்னார். வேஷதாரி என்று எதிரிகள் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்ற தாயைக் கவனித்த மகனை ஏசுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கவனிப்புதான் சரி, அதற்கு இடம் கொடுக்காத கோட்பாட்டைத்தான் திருத்த வேண்டும்.

ஆகவே நான் அவரோடு நடக்கும் தூரம் இவ்வளவு. வலிக்குமா என்பது ஒரு கேள்வி. இந்த உயிருக்கு என்ன மதிப்பு என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உயர்வு தாழ்வு தேவையில்லை. கோழிக்கும் குழந்தைக்கும் பொதுவாக அதைக் கேட்கலாம். இரண்டாவதில் சிங்கர் தன்னுணர்வு, திட்டமிடும் திறன் என்று ஒரு ஏணியை நிறுத்துகிறார். மனிதன் மேலே, விலங்கு கீழே என்ற பழைய ஏணியை இடித்தவர், திறன் உள்ளவர் மேலே, இல்லாதவர் கீழே என்று புது ஏணியைக் கட்டிவிட்டார். முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது தானாக வரவில்லை, அவர் கொண்டுவந்து ஒட்டியது. சுனௌரா டெய்லர் என்ற அமெரிக்க ஓவியர் மூட்டுகள் இறுகிய உடலோடு பிறந்தவர், விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர். ஊனமுற்றோர் விடுதலையும் விலங்கு விடுதலையும் ஒன்றையொன்று தாங்குபவை என்று 2017-இல் ஒரு நூலே எழுதி, சிங்கரின் இரண்டாம் பாதியை அதில் மறுத்திருக்கிறார். முடியாது என்று சொன்ன இணைப்பு முடிந்திருக்கிறது.

தீராத வலியோடு பிறந்து, எந்த மருத்துவத்தாலும் அதைக் குறைக்க முடியாமல் சில நாட்களே இருக்கப்போகும் சிசுக்கள் உண்டு. அவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட வழிமுறை, தாங்க முடியாத துன்பம், மீள வழியில்லை என்ற உறுதி, பெற்றோர் சம்மதம், வேறொரு மருத்துவரின் கருத்து எல்லாவற்றையும் கேட்கிறது. அதை ஏற்கலாமா என்று மனசாட்சியுள்ளவர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதிடலாம். ஆனால் அங்கேயும் பேச்சு வலியைப் பற்றித்தான். குழந்தை நபரா இல்லையா, அடுத்த குழந்தை இதைவிட நன்றாக இருக்குமா என்ற கேள்விகள் அந்தக் கட்டில் பக்கத்தில் எதற்கும் உதவாது.

பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சிங்கர் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் எதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது? நம் நாட்டில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கருவில் பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரம் தாண்டியும் கருக்கலைக்கலாம். அந்த உரிமையைப் பெண்ணிடமிருந்து யாரும் பறிக்கக்கூடாது. ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுக்கும் நேரத்தில், அதே நிலையோடு வளர்ந்தவர்களின் குடும்பம் ஒன்றோடு பேசிப் பார்க்க ஒரு வழி வேண்டாமா? அமெரிக்காவில் 2008-இல் டெட் கென்னடியும் சாம் பிரௌன்பேக்கும் எதிரெதிர்க் கட்சிகளிலிருந்து சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கருவிலோ பிறந்த பிறகோ டவுன் சிண்ட்ரோம் போன்றவை தெரியவரும்போது, அந்த நிலையைப் பற்றிய சரியான, இன்றைய தகவலும் உதவி செய்யும் அமைப்புகளின் விவரமும் பெற்றோருக்குக் கிடைக்க வழிசெய்யும் சட்டம். எங்கள் அண்ணிக்கு அன்று கிடைத்தது ‘அடுத்தது நல்லா பிறக்கும்’ மட்டும்தான். இப்போது எங்கள் பக்கத்தில் யாருக்காவது அப்படி ஒரு அறிக்கை வந்தால் அண்ணிக்கு போன் வருகிறது. பிறந்ததும் இதயத்தை எக்கோ எடுத்துப் பாருங்கள், தைராய்டு பாருங்கள், பயிற்சியைச் சீக்கிரம் ஆரம்பியுங்கள், கடைக்கு வந்து இவனைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லுவார். என்ன முடிவெடுத்தார்கள் என்று அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.